ரன்ஃப்ளாட்டைக் கழட்டலாமா? பஞ்சரின் நூறு வருஷக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு டாபிக்கைக் கேட்டதும் சிலர் "இது ஹிஸ்டரி பாட்காஸ்ட்தானே, ஆட்டோமொபைல் சேனலா மாறிடுச்சா?"ன்னு கேப்பீங்க. டாபிக் இதுதான்: ஸ்போர்ட்ஸ் கார்ல கம்பெனி போட்டுக் கொடுத்த ரன்ஃப்ளாட் டயரைக் கழட்டிட்டு, சாதாரண பெர்ஃபார்மன்ஸ் டயர் மாட்டலாமா?

கார் வெச்சிருக்கிறவங்க சேர்ந்தாலே இந்தப் பேச்சு வரும். ஒருத்தர் "கழட்டித் தூக்கிப் போடு, வண்டி பஞ்சு மாதிரி போகும்"னு சொல்வார். இன்னொருத்தர் "நடு ராத்திரி பஞ்சர் ஆனா தெரியும்"னு பயமுறுத்துவார். ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். ஆனா இந்தச் சண்டை நேத்து ஆரம்பிச்சது இல்ல. ரோட்டுல கிடக்கிற ஒரு ஆணிக்கு யார் பொறுப்புங்கிற கேள்வி அது. டயரா, டிரைவரா, கம்பெனியா, ரோட்டோரக் கடைக்காரரா? நூறு வருஷத்துக்கும் மேல இந்தப் பொறுப்பு கை மாறிக்கிட்டே இருக்கு. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா டயர் கடையில முடிவு எடுக்கிறது சுலபம்.

ஸ்டெப்னி ஒரு தெருவோட பேர்

காத்து அடைச்ச டயருக்கு 1845லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை வாங்கிட்டார். அப்போ அதை மாட்ட ஏத்த வண்டி இல்ல, ரப்பரும் விலை. ஐடியா தூங்கிடுச்சு. 1888ல பெல்ஃபாஸ்ட்ல கால்நடை மருத்துவரா இருந்த ஜான் பாய்ட் டன்லப் அதைத் திரும்பக் கண்டுபிடிச்சார். சைக்கிள்ல மாட்டினாங்க, பந்தயத்துல ஜெயிச்சாங்க, உலகம் மாறிடுச்சு.

ஆனா காத்து உள்ள வந்த அன்னைக்கே பஞ்சரும் கூடவே வந்துடுச்சு. ஆரம்ப காலக் கார்ல சக்கரத்தைத் தனியா கழட்ட முடியாது. பஞ்சர் ஆனா நடுரோட்டுல உக்காந்து டயரைப் பிரிச்சு, ட்யூபை எடுத்து, ஒட்டி, மறுபடி மாட்டி, கையால காத்து அடிக்கணும்.

1904 வாக்குல வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊர்ல டேவிஸ் சகோதரர்கள் இதுக்கு ஒரு வழி சொன்னாங்க. ஆரக்கால் இல்லாத ஒரு ரிம், அதுல காத்து அடைச்ச டயர். பஞ்சர் ஆன சக்கரத்தோட பக்கத்துல அதை இறுக்கிக் கட்டிட்டு ஓட்ட வேண்டியதுதான். அவங்க பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவுல. அதனால பேரும் ஸ்டெப்னி. இங்கிலாந்துலேயே இந்த வார்த்தை மறந்து போச்சு. ஆனா உசிலம்பட்டியில லாரி கிளீனர் இன்னைக்கும் "ஸ்டெப்னியை இறக்குடா"ன்னு கத்துறார். மால்டாவுலயும் ஸ்டெப்னிதான். பிரேசில்ல அது "எஸ்டெப்பி" ஆயிடுச்சு.

என் பாஷையில சொல்லணும்னா ஸ்டெப்னி ஒரு கோல்டு ஸ்டாண்ட்பை. சும்மா கிடக்கும். மெயின் சிஸ்டம் விழுந்தா நீங்களே இறங்கி, கையில கறை பட மாத்தணும். பொறுப்பு வண்டிக்காரர் தலையில.

லாட ஆணியும் ஒரு காந்தமும்

இப்போ மதுரைக்கு வருவோம். 1911ல டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கின கம்பெனிதான் டிவிஎஸ். மதுரையை மையமா வெச்சு பஸ் ஓட்டினாங்க. டிவிஎஸ் பஸ் போறதைப் பார்த்து மணி சொல்வாங்கன்னு ஒரு பேச்சு மதுரைப் பக்கம் ரொம்பப் பிரபலம்.

டைமுக்கு பஸ் ஓட்ட நினைக்கிறவங்களுக்கு அன்னைக்கு இருந்த பெரிய எதிரி எது தெரியுமா? லாட ஆணி. ரோடு முழுக்க மாட்டு வண்டி. மாட்டுக் குளம்புல லாடம், லாடத்துல சின்னச் சின்ன ஆணி. அது கழண்டு ரோட்டுல விழும். மரச் சக்கரத்துல இரும்புப் பட்டா போட்ட வண்டிக்கு அந்த ஆணி ஒரு பொருட்டே இல்ல. காத்து அடைச்ச பஸ் டயருக்கு அது எமன். ஒரே ரோட்டுல ரெண்டு யுகம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு யுகம் சிந்தினது இன்னொரு யுகத்தைக் குத்துச்சு.

இதுக்கு டிவிஎஸ் என்ன செஞ்சாங்கன்னு மதுரையில ஒரு கதை சொல்வாங்க. வண்டியில பெரிய காந்தத்தைக் கட்டி, பஸ் போற ரோட்டுல ஓட்டி, கிடக்கிற ஆணியை எல்லாம் பொறுக்கினாங்களாம். டயரை மாத்தல, டிரைவரை மாத்தல, ரோட்டையே சுத்தம் பண்ணாங்க. பஞ்சர் பொறுப்பை கம்பெனி எடுத்துக்கிட்ட தருணம்னு இதைப் பார்க்கலாம். கம்பெனி பேருந்துக்காகப் பெருக்கின ரோட்டுல பின்னால வர்ற சைக்கிள்காரருக்கும் பஞ்சர் ஆகாது பாருங்க. அந்த அழகு இதுக்குப் பிறகு வந்த எந்தத் தீர்வுலயும் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் வந்துச்சு. 1942ல மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கையில போயிடுச்சு. உலகத்தோட ரப்பர்ல பெரும் பங்கு வந்தது அந்தப் பக்கத்துத் தோட்டங்கள்ல இருந்துதான். அங்கே மரம் சீவி பால் எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழ்நாட்டுல இருந்து போனவங்க. டன்லப் கம்பெனிக்கே மலாயாவுல பெரிய தோட்டங்கள் இருந்துச்சு. வழி அடைபட்டதும் இங்கே டயர் தட்டுப்பாடு, பெட்ரோல் தட்டுப்பாடு. பெட்ரோலுக்கு மாத்தா டிவிஎஸ் கேஸ் பிளான்ட் வந்துச்சு. தேய்ஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் பட்டை போட்டு ஓட்டுற ரீட்ரெடிங் தொழிலும் டிவிஎஸ் குடும்பத்தோட முக்கியத் தொழில் ஆச்சு.

மதுரைக்கும் டயருக்கும் உள்ள உறவு அதோட முடியல. மேலூர் போற வழியில வெள்ளரிப்பட்டியில டிவிஎஸ் ஸ்ரீசக்ரா தொழிற்சாலை இருக்கு. டூவீலர் டயர்ல பெரிய பேர். சிஎஸ்கே ஜெர்சியில யூரோகிரிப்னு பார்த்திருப்பீங்களே, அவங்கதான்.

வல்கனைசிங் போர்டு

அடுத்து பொறுப்பு கை மாறினது ரோட்டோரத்துக்கு. தமிழ்நாட்டுல எந்த ஹைவேயில போனாலும் ஒரு பழைய டயரைத் தொங்கவிட்டு, வெள்ளை பெயின்ட்ல "பஞ்சர்"னு எழுதியிருப்பாங்க. கொஞ்சம் பெரிய கடைன்னா "வல்கனைசிங்" போர்டு. ரோமானியர்களோட நெருப்புக் கடவுள் வல்கன் பேர்ல இருந்து வந்த வார்த்தை. 1839ல அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோட சேர்த்து சூடு பண்ணா அது வெயில்ல உருகாம, குளிர்ல உடையாம நிக்கும்னு கண்டுபிடிச்சார். அந்த வேதியியலோட சின்ன அச்சு ஒன்னு, ட்யூபுக்கு மேல வெச்சு அழுத்துற சூட்டுப் பெட்டியா, நம்ம டீக்கடைக்குப் பக்கத்துல இருக்கு.

இந்தக் கடைகள் பலதை கேரளாவுல இருந்து வந்தவங்க நடத்துறதைப் பார்த்திருப்பீங்க. திருமங்கலத்துல ஆரம்பிச்சு டி.கல்லுப்பட்டி, ராஜபாளையம், செங்கோட்டை வழியா போற ரோடு நேரா கொல்லத்துக்குப் போகுது. மலை தாண்டி புனலூர் பக்கம் இறங்கினா ரப்பர் தோட்டம்தான். ரப்பரும் ரப்பர் தெரிஞ்ச கைகளும் அந்தப் பக்கம் இருக்கு. கரிசல் காட்டுல வேலமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் குத்தின டயர் இந்தப் பக்கம் இருக்கு.

நான் இதை சப்போர்ட் நெட்வொர்க்னு சொல்வேன். எஸ்எல்ஏ எதுவும் எழுதி வாங்கல. ஆனா கூப்பிட்டா வருவாங்க.

சுவரே தூணா மாறின கதை

இனி ரன்ஃப்ளாட். சாதாரண டயர்ல வண்டியோட எடையைத் தாங்குறது உள்ளே இருக்கிற காத்து. ரப்பர் அந்தக் காத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிற பை, அவ்வளவுதான். காத்து போனா பக்கச்சுவர் மடங்கி, ரிம் மேல அரைபட்டு, கொஞ்ச தூரத்துல டயர் கிழிஞ்சிடும்.

ரன்ஃப்ளாட்ல அந்தப் பக்கச்சுவருக்கு உள்ளே கனமான, கெட்டியான ரப்பர் ஒன்னைச் சேர்த்திருப்பாங்க. காத்து போனாலும் சுவரே தூணா நிக்கும். ஆனா தூண் ஓடும்போது மடங்கி மடங்கி சூடாகும். அதனாலதான் எல்லை: பொதுவா மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம, 80 கிலோமீட்டர் தூரம். அதுக்குள்ள கடையைப் பிடிச்சிடணும்.

ஐடியா பழசு. 1970களோட தொடக்கத்துல டன்லப் "டெனோவோ"ன்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. 1974ல மினி 1275 ஜிடியில அது கிடைச்சுது. ஆனா அதுக்குத் தனி ரிம் வேணும். தெருக்கடையில மாத்த முடியாது. பெருசா ஓடல.

அடுத்து ஸ்போர்ட்ஸ் கார்கள். 1980களோட இரண்டாம் பாதியில வந்த போர்ஷே 959 மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுற வண்டி. அந்த வேகத்துல டயர்ல காத்து போனா வாழ்வா சாவா பிரச்சினை. அதுக்கு பிரிட்ஜ்ஸ்டோன் ரன்ஃப்ளாட் டயரும், காத்தழுத்தத்தைக் கண்காணிக்கிற சென்சாரும் போட்டாங்க. 1997ல வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட் ஒரு படி மேல போய் ஸ்டெப்னியையே எடுத்துட்டு, ரன்ஃப்ளாட்டை ஸ்டாண்டர்டா கொடுத்துச்சு. பிஎம்டபிள்யூ இசட்8ல ஆரம்பிச்சு, 2005ல வந்த ஈ90 தலைமுறை 3 சீரிஸ் வரைக்கும் அதைப் பரப்புச்சு. பூட்ல இடம் மிச்சம், எடை மிச்சம், மழையில இறங்கி ஜாக்கி போட வேண்டாம்.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அதே காலத்துல அதே கம்பெனி, தன்னோட எம்3 காருக்கு ரன்ஃப்ளாட் போடல. நல்லா ஓட்டணும்னு வாங்குறவங்களுக்கு சாதாரண பெர்ஃபார்மன்ஸ் டயரும், ஓட்டையை அடைக்கிற திரவம் வெச்ச ரிப்பேர் கிட்டும். காரணம் பிசிக்ஸ். கெட்டியான சுவர் சின்ன மேடு பள்ளத்துக்கு மடங்காது. அந்த அதிர்வு நேரா சஸ்பென்ஷனுக்கும் உங்க முதுகுக்கும் வரும். சக்கரத்தோட எடையும் கூடும். எடை கூடின சக்கரம் பள்ளத்துல இறங்கினா ரோட்டைத் திரும்பத் தொட நேரம் ஆகும். தொடாத நேரத்துல கிரிப் இல்ல.

நியாயமா இன்னொன்னும் சொல்லிடணும். ரன்ஃப்ளாட்னாலே மட்டம்னு கிடையாது. இப்போதைய எட்டாம் தலைமுறை கார்வெட்டோட சில வடிவங்கள்ல மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயரோட ரன்ஃப்ளாட் வடிவம் வருது. அந்தக் காரோட சஸ்பென்ஷனை அந்த டயருக்காகவே செதுக்கியிருக்காங்க. பிரச்சினை டயர்ல மட்டும் இல்ல, எந்த ரோட்டுக்காக வடிவமைச்சாங்கங்கிறதுல இருக்கு.

திருவொற்றியூர் கத்துக்கிட்ட பாடம்

"எந்த ரோடு"ங்கிற இந்தப் பாடத்தை தமிழ்நாடு ஏற்கனவே ஒரு தடவை படிச்சிருக்கு. 1946ல கே.எம்.மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையில பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். 1952ல ரீட்ரெடிங்குக்கான ட்ரெட் ரப்பர். 1960களோட தொடக்கத்துல அமெரிக்காவோட மேன்ஸ்ஃபீல்டு கம்பெனி கூட்டோட டயர். அதுதான் எம்ஆர்எஃப்.

வந்த தொழில்நுட்பம் அமெரிக்க ரோட்டுக்கானது. நம்ம வெயில், நம்ம லோடு, நம்ம பள்ளம் அதுக்குத் தெரியாது. ஆரம்பத்துல அந்த டயர்கள் இங்கே சரிப்பட்டு வரல. அப்புறம் இந்திய ரோட்டுக்குன்னு தாங்களே வடிவமைக்க வேண்டி வந்துச்சு. பலூன்ல ஆரம்பிச்ச அந்தக் கம்பெனியோட டயர்ல ஓடின அணி 2022ல ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப்பையே ஜெயிச்சுது. வெளியில இருந்து வந்த டிசைனை அப்படியே நம்பாம நம்ம ரோட்டுல ஓட்டிப் பார்த்தவங்களுக்குக் கிடைச்ச பலன் அது.

2007 மார்ச்ல செங்கல்பட்டுக்குப் பக்கத்துல மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில பிஎம்டபிள்யூ தொழிற்சாலை திறந்தாங்க. 3 சீரிஸ் தமிழ்நாட்டுலேயே அசெம்பிள் ஆச்சு. அதோட ரன்ஃப்ளாட்டும் நம்ம ரோட்டுக்கு இறங்குச்சு. மேன்ஸ்ஃபீல்டு கதையோட இரண்டாம் பாகம்னு வெச்சுக்கோங்க. ஸ்டெப்னி வைக்க இடமே இல்லாம வடிவமைச்ச கார்களோட பூட்ல, பெல்ட் போட்டு இறுக்கின ஸ்டெப்னியை இங்கே பார்க்க முடிஞ்சுது. ஓனர்கள் கேட்டாங்க, வந்துச்சு. ஸ்டெப்னியை எடுக்கிறதுக்காகவே போட்ட டயர், ஸ்டெப்னியும் கூட!

பேரையூர் ரோட்டுல 80 கிலோமீட்டர்

இந்த 80 கிலோமீட்டர் கணக்கை நம்ம ஊர் மேப்ல வெச்சுப் பார்ப்போம். பேரையூர்ல இருந்து கிளம்புறீங்க. கிழக்கே டி.கல்லுப்பட்டி, அங்கிருந்து திருமங்கலம், அப்புறம் மதுரை. மொத்தம் சுமார் 50 கிலோமீட்டர். வழியில பஞ்சர். சென்சார் லைட் எரியுது. ரன்ஃப்ளாட் இருந்தா நிறுத்தவே வேண்டாம், மெதுவா ஓட்டி மதுரைக்கு வந்துடலாம். டெக்னிக்கலா சக்சஸ்.

ஆனா மதுரையில உங்க சைஸ்ல, உங்க மாடலுக்கான ரன்ஃப்ளாட் இருக்கணுமே? இல்லைன்னா ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும். ஒட்டி ஓட்டலாமான்னு கேட்டா, காத்து இல்லாம ஓடின ரன்ஃப்ளாட்டை ரிப்பேர் பண்ண வேண்டாம்னு பல தயாரிப்பாளர்கள் சொல்றாங்க. வெளியே நல்லா இருக்கும், உள்ளே சுவர் சூட்டுல வெந்திருக்கும். ஒரு ஆணிக்கு ஒரு டயர் போச்சு. அதே ஆணி சாதாரண ட்யூப்லெஸ் டயர்ல, தரையைத் தொடுற பகுதியில குத்தியிருந்தா, காத்து முழுசா இறங்குறதுக்கு முன்னாடி நிறுத்தியிருந்தா, டி.கல்லுப்பட்டியிலேயே ஒட்டிட்டு டீ குடிச்சுட்டுக் கிளம்பியிருக்கலாம்.

இதுல தெரியுறது என்ன? ரன்ஃப்ளாட் ஒரு நிறுவனமயமான உலகத்தை நம்பி இருக்கு. 80 கிலோமீட்டருக்குள்ள ஷோரூம், ஸ்டாக், மெஷின் எல்லாம் இருக்கும்னு நம்புது. நம்ம உலகத்துல அந்த 80 கிலோமீட்டர்ல இருக்கிறது பஞ்சர் கடைகள். வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பஞ்சருக்காக, மீதி அத்தனை நாளும் ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகுல வாங்குறீங்க. பள்ளத்தோட முழு அடியும் ரிம்முக்குப் போனா அது வளையுறதும் விரிசல் விடுறதும் உண்டு.

சரி, கழட்டலாமா?

என் பதில்: மதுரைக்கும் பேரையூருக்கும் நடுவுல மாதிரி, பகல் ஓட்டம், கடைகள் உள்ள ரோடு, ஓட்டுறதுல ஆசைன்னா, கழட்டலாம். ஆனா டயரைக் கழட்டும்போது ஒரு பொறுப்பையும் கழட்டுறீங்க. அதை யாராவது சுமக்கணும். அது நீங்கதான்.

அதனால சிலது. நாலையும் சேர்த்து மாத்துங்க, ரெண்டு ரன்ஃப்ளாட் ரெண்டு சாதாரணம்னு கலக்காதீங்க. சைஸ் அதே, லோடு இண்டெக்ஸும் வேகக் குறியீடும் பழசுக்குக் குறையக் கூடாது. ஸ்டெப்னி வைங்க. இடம் இல்லைன்னா நல்ல கம்ப்ரசரும் பஞ்சர் கிட்டும். 2020ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டு வந்த திருத்தப்படி, ட்யூப்லெஸ் டயர், காத்தழுத்த மானிட்டர், ரிப்பேர் கிட் மூணும் இருந்தா கார்ல ஸ்டெப்னி கட்டாயம் இல்ல. சட்டம் விட்டாலும் சீமைக்கருவேல முள் விடாது. கிட் பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது, அப்போ ஸ்டெப்னிதான். சென்சாரை எக்காரணம் கொண்டும் தூக்காதீங்க. ஆணி குத்தியிருந்தா பிடுங்காதீங்க, பல நேரம் ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கிறதே அந்த ஆணிதான்.

யார் கழட்டக் கூடாது? அடிக்கடி ராத்திரியில தனியா ஹைவே ஓட்டுறவங்க, இறங்கி ஜாக்கி போட முடியாத வயசானவங்க. இருட்டுல நாலு வழிச் சாலை ஓரத்துல குனிஞ்சு டயர் மாத்துறது இந்த நாட்டுல ரொம்ப ஆபத்தான வேலைகள்ல ஒன்னு. பின்னால வர்ற லாரிக்கு நீங்க தெரியணும்னு அவசியம் இல்ல. அந்த ஒரு ராத்திரிக்காக முதுகு வலியைத் தாங்கலாம். அது கோழைத்தனம் இல்ல, கணக்கு.

கழட்டுறவங்களுக்கு இன்னொரு வார்த்தை. இனிமே உங்க 60 லட்ச ரூபாய் வண்டியோட பேக்கப், பழைய டயரைத் தொங்கவிட்டிருக்கிற அந்தக் கடை. ராத்திரி 11 மணிக்குக் கதவைத் தட்டினா எழுந்து வர்ற அந்த அண்ணன். அவர்கிட்ட 50 ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க. டிவிஎஸ் காந்தம் ஓட்டின காலத்துக்கு அப்புறம் நம்ம ரோட்டைப் பார்த்துக்கிட்டது பெரும்பாலும் அவரை மாதிரி ஆட்கள்தான்.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஊர் ரூட்ல எந்தப் பஞ்சர் கடையை நம்பிப் போவீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. காத்தழுத்தத்தை மாசம் ஒரு தடவை பாருங்க, ஸ்டெப்னியையும் சேர்த்து. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.